குறைந்த இரண்டு அங்குலம்

இன்று காலை துணி அலுமாரியின் அடித்தட்டை ஒதுக்கினேன். பெருநாளுக்குத் தைக்க வந்த அபாயாத் துணிகளை வைக்க வேறு இடமில்லை. மூலையில் பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு பொட்டணம் கிடந்தது. என்னவென்று நினைவில்லாமல் அவிழ்த்துவிட்டேன். தடித்த வெள்ளைத் துணி. வெட்டி, நீலச் சோக்கால் கோடு போட்டு, தைக்காமல் விட்டது. கைகள் இரண்டு, முன்பக்கம் இரண்டு, முதுகு ஒன்று, கால்சட்டைத் துண்டுகள். மேலே குண்டூசியால் குத்தியிருந்த காகிதத்தில் என் கையெழுத்தில் உன் அளவுகள். துணியில் புதுக் கஞ்சி வாசம் இன்னும் போகவில்லை.

அப்படியே சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் கடைக்குப் போகப் புறப்பட்டு வந்து, "என்னகா, சுகமில்லையா?" என்று கேட்டார். பிறகு பொட்டணத்தைப் பார்த்தார். தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடித்துவிட்டுப் போனார்.

நீ மௌத்தாகி எட்டு மாதம். உனக்கு இனித் துஆ மட்டும்தான் வந்து சேரும் என்கிறார்கள். ஐந்து நேரத் தொழுகையிலும் கேட்கிறேன். ஆனால் துஆவில் சொல்ல முடியாத சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை எழுதித்தான் பார்க்க வேண்டும்.

நீ கராத்தே பழக்கிய உன் வீட்டு வளவுக்குள் உன்னை நான் "மாஸ்டர், நீங்கள்" என்றுதான் கூப்பிட வேண்டும். வாசல் படலைக்கு வெளியே நான் உனக்கு மூன்று வயது மூத்த ராத்தா, நீ எனக்கு "நீ". அந்த விதியை நீதான் வைத்தாய். இப்போது வெளியே இருந்துதான் எழுதுகிறேன். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

முதல் முதலில் நீ என்னிடம் வந்தது இதே மாதிரி ஒரு உடுப்புக்குத்தான். சாய்ந்தமருதுவிலிருந்து கல்முனைக்குடிக்கு, வெயிலில், சைக்கிளில் வந்திருந்தாய். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் என்று தெரியும். கராத்தே பழக்குகிறாய் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். கடைத் தையல்காரர்கள் ஆண்கள். அவர்களிடம் அளவு கொடுக்க மாட்டாய். கொழும்பில் வாங்கிய உடுப்போ தொடைக்கு மேலே ஏறுகிறது. முழங்கால் வரை நீண்ட மேற்சட்டையும் அகலமான கால்சட்டையும் வேண்டும் என்றாய். நானும் சல்வார் தைக்கிற மாதிரித் தைத்துக் கொடுத்தேன்.

நீ திரைக்குப் பின்னால் போய் அதைப் போட்டுக்கொண்டு வந்தாய். என் தையல் அறையின் நடுவில் நின்று, "தள்ளி நில்லுங்க ராத்தா" என்று சொல்லிவிட்டு, காலைத் தூக்கி ஒரு உதை விட்டாய். பர்ரென்று கவட்டிலிருந்து முழங்கால் வரை கிழிந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நீ கீழே குனிந்து கிழிசலைப் பார்த்துவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தாய்.

"என்னகா இப்படித் தச்சிருக்கீங்க? காலுக்குக் கட்டுப் போட்ட மாதிரியெல்லோ இரிக்கி."

"எனக்கென்ன தெரியும், நீ கால இவ்வளவு ஒசத்துவாய் எண்டு?"

"அப்ப நாளைக்குப் பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு வாங்க. நீங்களும் ஒருக்கா உதைச்சுப் பாருங்க. பொறகு தைக்கத் தெரியும்."

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. இரண்டு பிள்ளை பெற்ற உடம்பு, மெஷினுக்கு முன்னால் குனிந்து குனிந்து பிடித்துக்கொண்ட முதுகு. இவர் கேட்டுவிட்டுச் சிரித்தார். "முதுகுக்கு எண்ணெய் பூசச் சொன்னா, நீ சண்ட பழகப் போறாய்" என்றார். ஒருநாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் போனேன். ஆறு வருடம் உன்னிடம் வந்தேன்.

உன் வளவு கடற்கரைக்கு முந்திய ஒழுங்கையில், ஒரு குறுகிய சந்தில் இருந்தது. ஆளுயரத்துக்கு மேலே மதில். உள்ளே இரண்டு தென்னை, மீதியெல்லாம் மணல். கல்யாணம் ஒன்று நடந்து, இரண்டு வருடத்தில் அது முறிந்து, உம்மா தந்த அந்த வீட்டுக்கே நீ திரும்பி வந்திருந்தாய். பக்கத்து வீட்டில் உன் தங்கச்சி. நாங்கள் பத்துப் பெண்கள். ஒருத்தி ஆஸ்பத்திரியில் வேலை, ஒருத்தி மத்ரஸாவில் ஓதிக் கொடுப்பவள், மற்றவர்கள் வீட்டில் இருப்பவர்கள். படலையைப் பூட்டிவிட்டுத்தான் அபாயாவைக் கழற்றுவோம்.

முதல் மாதம் முழுக்க விழத்தான் பழக்கினாய். முன்னால் விழ, பின்னால் விழ, பக்கமாக விழ. தலை நிலத்தில் அடிபடாமல், கையை ஊன்றி முறித்துக்கொள்ளாமல். "பொம்புளைக்கு இஞ்ச ஆர் விழப் பழக்கித் தாற? விழுந்தா ஏசுறதுக்குத்தான் ஆள் இரிக்கி" என்று நீ சொன்னபோது மத்ரஸாக்காரி மணலில் கிடந்தபடியே சிரித்தாள்.

விழுவது எனக்கு வந்துவிட்டது. சத்தம் போடுவதுதான் வரவில்லை. குத்தும்போது வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வர வேண்டும் என்பாய். பத்துப் பேரும் குத்துவோம்; பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல் வரும். நீ மதிலைக் காட்டி, "அங்கால கடல் இரையுது. ஒங்கட சத்தம் ஆருக்கும் கேக்காது, கத்துங்க" என்பாய். எங்களுக்கு வராது. சின்ன வயதிலிருந்தே சத்தமாகச் சிரித்தால்கூட உம்மா வாயில் அடித்த பிள்ளைகள் நாங்கள்.

ஒருநாள் நீ என் முன்னால் வந்து நின்றாய். "பரீனா ராத்தா, ஒங்கட மூத்த மகன் ரோட்டுக்கு ஓடுறான். லொறி வருது. கூப்பிடுங்க" என்றாய். என் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்று எனக்கே தெரியவில்லை. தென்னையில் இருந்த காகங்கள் எழுந்து பறந்தன. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"என்ன டீச்சர், என்ன பிரச்சின?"

"ஒண்டுமில்ல நானா, கோழிய நாய் தொரத்தின!" என்று நீ பதில் சொன்னாய். பிறகு என் காதுக்குள், "இதுதான். இந்தச் சத்தம்தான்" என்றாய். நான் அழுதுகொண்டிருந்தேன். ஏன் அழுதேன் என்று நீ கேட்கவில்லை.

அக்கரைப்பற்று பஸ்ஸில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். துணி வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, சன நெரிசலில் ஒருவனுடைய கை என் இடுப்பில் வந்து நின்றது. முன்பென்றால் தள்ளி நின்றிருப்பேன், அவனும் தள்ளி வந்திருப்பான். அன்று அவனுடைய சின்ன விரலைப் பிடித்துப் பின்னால் மடித்து, "கைய எடுங்க" என்றேன். பஸ் முழுக்கக் கேட்டது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அவன் அடுத்த தரிப்பிடத்திலேயே இறங்கி ஓடினான்.

ஓட்டோ பிடித்து நேரே உன்னிடம்தான் வந்தேன். நீ என்னைத் தூக்கிச் சுற்றுவாய் என்று நினைத்திருந்தேன். நீ தண்ணீர் கொண்டுவந்து தந்து, "பொறகு நடுங்கினதா?" என்று கேட்டாய்.

"ஓம். இன்னும் நடுங்குது. இஞ்ச பாரு கைய."

"எனக்கும் நடுங்கும் ராத்தா" என்றாய். "ஒவ்வொரு தடவையும்."

அன்றுதான் நாம் கூட்டாளிகள் ஆனோம் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் என் வீட்டில்தான் பகல் சாப்பாடு. மீன் ஆணத்தில் புளி குறைவு என்று நீ சொல்லாத வெள்ளி ஒன்று இருந்ததா? சாப்பிட்டுவிட்டு என் மெஷினுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு, உன் புருஷனாக இருந்தவனைப் பற்றி, உன் பள்ளிக்கூட அதிபரைப் பற்றி, கண்டிப் பக்கம் பயிற்சிக் கல்லூரியில் குளிரில் வெறுங்காலோடு கராத்தே பழகியதைப் பற்றிக் கதைப்பாய். எனக்கு ஒரு தங்கச்சி இல்லாத குறை அந்தப் பாயில் தீர்ந்தது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

கொழும்பில் உனக்கு ஒரு சோதனை இருந்தது. கறுப்புப் பட்டியில் மூன்றாம் படி. நாலு மாதம் இருக்கும்போதே, "இந்தத் தடவ புது உடுப்பு வேணும் ராத்தா" என்று வந்தாய். கொப்பியைத் திறந்து பழைய அளவைப் பார்த்தேன். தேவையில்லைதான். ஆனாலும் எப்போதும்போல் திரும்பவும் எடுத்தேன். தோள், அப்படியே இருந்தது. நெஞ்சில் இரண்டு அங்குலம் குறைவு. இடுப்பிலும் இரண்டு. நாடாவை இடது கைக்குக் கீழே கொண்டுபோனபோது நீ முழங்கையைச் சட்டென்று உடம்போடு இறுக்கினாய். உன் முகம் ஒரு நொடி வேறு முகமாக இருந்தது.

"நோகுதா?"

"இல்லகா, கூசுது."

ஆறு வருடமாக உனக்கு அளவெடுக்கிறேன். உனக்கு ஒருநாளும் கூசியதில்லை. இருபத்தைந்து வருடமாகப் பெண்களுடைய உடம்பில் நாடா பிடிக்கிற கை இது. புள்ளத்தாச்சி என்பதை மாமியாருக்கு முந்தி அறிகிற கை. அந்தக் கைக்கு அப்போதே தெரிந்தது. நான் என்ன செய்தேன்? "மெலிஞ்சிட்டாய்கா" என்றேன்.

"நல்லம்தானே. உதைக்க லேசு" என்றாய்.

இருவரும் சிரித்தோம். நான் அளவைக் காகிதத்தில் எழுதினேன். அன்று பின்னேரமே துணியை வெட்டினேன். அடுத்த கிழமை நீ போன் எடுத்து, "இப்ப தைக்க வேணாம் ராத்தா, சோதன தள்ளிப் போயிட்டு" என்றாய். நானும் வெட்டியதைச் சுற்றி வைத்தேன். சோதனை தள்ளிப் போகவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நோன்பு வந்தது. வகுப்பு லீவு. பெருநாள் முடிந்து, அதற்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பும் முடிந்தது, நீ வகுப்பைத் தொடங்கவில்லை. காய்ச்சல் என்றாய், பள்ளிக்கூடத்தில் வேலை என்றாய். ஒரு காலையில் உன் தங்கச்சி என் படலையில் நின்றாள். முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"ராத்தாக்கு நெஞ்சில கட்டி. கொழும்புக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. ஒங்களத்தான் வரச் சொல்லுற. வேற ஆரும் வேணாமாம்."

கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் உன்னிடம் சிங்களத்தில் கேட்டதற்கு நீ சிங்களத்திலேயே பதில் சொன்னாய். எனக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனால் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று அவர் கேட்டதும், ஒரு வருடம் என்று நீ சொன்னதும் விளங்கியது. டாக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நீ சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஒப்பரேஷன் முடிந்து நாலாம் நாள், வார்டில் பகல் சாப்பாடு கொடுத்துப் போன பிறகு, நான் உன்னிடம் சொன்னேன். அதுவரை தொண்டையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்டைக்கு அளவெடுக்கக்குள்ள எனக்கு வெளங்கின. நீ கைய இறுக்கின நேரம் வெளங்கின. நான் கேக்கல்ல."

நீ போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டாய். பிறகு, "நீங்க கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டன்" என்றாய்.

"ஏன்கா?"

"ஆர்ட்டயும் உடுப்பக் கழட்டிக் காட்ட எனக்கு ஏலாம இருந்த. டாக்டர் எண்டாலும் ஏலாம இருந்த. இண்டைக்கு நாளைக்கு எண்டு போயிட்டு, அவ்வளவுதான்."

எனக்கு அப்போது வந்தது கவலை இல்லை, கோபம். வாயைத் திறக்க வெட்கப்பட்ட பத்துப் பெண்களைக் காகம் பறக்கக் கத்த வைத்தவள் நீ. உனக்காக ஒரு வார்த்தை கத்தாமல் ஒரு வருடம் இருந்திருக்கிறாய். நான் எழுந்து போய் வராந்தாவில் நின்றேன். கீழே ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. திரும்பி வந்தபோது நீ நித்திரை. உன் காலடியில் உட்கார்ந்து உன் காலைப் பிடித்துக்கொண்டேன். வெறுங்காலில் நின்று நின்று குதிக்கால் கல்லாகியிருந்தது.

ஊருக்குத் திரும்பி வந்து ஐந்து மாதம் இருந்தாய். முதல் இரண்டு மாதம் தேறி வருகிறாய் என்றே எல்லாரும் நம்பினோம். கொழும்பில் மருந்து ஏற்றி உதிர்ந்த தலைமுடி திரும்ப முளைத்தது. ஒருநாள் தென்னையடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, எங்கள் எல்லாரையும் விழச் சொல்லிப் பார்த்தாய். "ஆஸ்பத்திரிக்காரி இன்னும் கைய ஊண்டுறா" என்று ஏசினாய். அவள் அந்த ஏச்சைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டாள் என்று உனக்குத் தெரியாது. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனாள்.

பிறகு நோய் முதுகெலும்புக்குப் போனது. நான் காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வருவேன், நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு வீட்டுக்குப் போவேன். உன்னைக் குளியலறைக்குக் கொண்டுபோக முதல்நாள் நான் குனிந்து தூக்கப் பார்த்தேன்.

"முதுகால தூக்காதீங்க. முழங்கால மடக்குங்க. ஒங்கட எடைய எனக்குக் கீழ கொண்டு வாங்க."

"நோவுக்குள்ளயும் ஒனக்கு வாய் போகல்ல."

"ராத்தா, வளவுக்குள்ள நிக்கிறீங்க. நீங்க எண்டு சொல்லோணும்."

"சரி மாஸ்டர். நீங்க என்ட கழுத்தப் பிடிங்க."

அப்படித்தான் உன்னைத் தூக்கினேன், ஒவ்வொரு காலையும். உன் பாரம் குறைந்துகொண்டே வந்தது. கடைசி நாட்களில் ஒரு பெருநாள் உடுப்புப் பொட்டணத்தின் பாரம்தான் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அளவும் எடுக்கவில்லை.

நீ போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சுபஹுக்குப் பிறகு, வெளிச்சம் வந்துகொண்டிருந்த நேரம். தங்கச்சி போன் எடுத்தாள். நான் வரும்போது முகத்தை மூடியிருந்தார்கள். தங்கச்சி என் கையைப் பிடித்து, "குளிப்பாட்ட நீங்க நிக்கோணுமாம். போன கிழமையே சொல்லிட்டா" என்றாள்.

ஊரில் மையித்துக் குளிப்பாட்டுகிற மாமி முன்னால் நின்றா. நான் தண்ணீர் ஊற்றினேன். எனக்கு அதுவரை அந்த வேலை பழக்கமில்லை. போர்வைக்குக் கீழே கையை விட்டு, மாமி சொல்லச் சொல்ல, முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். எந்தப் பக்கத்தை ஒரு வருடம் எல்லாரிடமிருந்தும் மறைத்தாயோ அந்தப் பக்கத்தைக் கழுவ என்னைத்தான் வரச் சொல்லியிருக்கிறாய். ஒப்பரேஷன் தழும்பின் மேலே தண்ணீர் மெதுவாக ஊற்றினேன். நோகும் என்று கை தானாக மெதுவாக ஊற்றியது.

மாமி உன் வலது கையைக் கழுவும்போது விரல் மொளிகளைத் தடவிப் பார்த்தா.

"இந்தப் புள்ளட கை என்ன இப்படிக் காய்ச்சுக் கிடக்கு? கல்லு ஒடச்சவவா?"

"இல்ல மாமி. எங்களுக்குப் படிப்பிச்ச கை."

மாமி அந்தக் கையை இன்னொரு தடவை கழுவினா. மூன்று தடவை போதும். நாலாவது தடவையும் கழுவினா.

ஆண்கள் வந்து சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். கலிமா சொல்லிக்கொண்டு ஒழுங்கையால் போய், பிரதான வீதிக்குத் திரும்பி, சத்தம் அடங்கிவிட்டது. பெண்கள் நாங்கள் படலையோடு நின்றுவிட்டோம். பிளாஸ்டிக் கதிரைகளை யாரோ அடுக்கினார்கள். அப்போது மத்ரஸாக்காரி என் பக்கத்தில் வந்து, மெல்லிய குரலில், "ராத்தா, வாற கிழம வகுப்பு இரிக்கா?" என்று கேட்டாள். மற்ற எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். நான், "தெரியாகா" என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வகுப்பு இருக்கிறது. ஏழு பேர் வருகிறோம். மட்டக்களப்பிலிருந்து மாதத்தில் ஒருநாள் ஒரு பெண் மாஸ்டர் வந்து பழக்குகிறார். நல்லவர். ஆனால் அவர் எண்ணுகிற வேகம் வேறு. நீ "நாலு" சொல்லி ஒரு மூச்சு விட்டுத்தான் "ஐந்து" சொல்வாய். அவர் விடுவதில்லை. அந்த இடத்தில் ஏழு பேரும் ஒன்றாகத் தடுமாறுகிறோம். அவருக்கு ஏன் என்று விளங்குவதில்லை, நாங்களும் சொல்வதில்லை.

நீ வார்டில் சொன்னதை நான் தினமும் நினைக்கிறேன். கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்றாய். அது உண்மையா? இல்லை, நான் இந்தப் பாரத்தோடு மீதிக் காலம் இருக்கக்கூடாது என்று நீ எனக்காகச் சொன்னதா? உன்னைத் தெரிந்தவரையில் இரண்டும் நீதான். ஒருநாள் அதை நம்புகிறேன், அடுத்தநாள் இதை. எதை நம்பினாலும் அந்தப் பின்னேரம் நான் கேட்கவில்லை என்பது மாறுவதில்லை.

போன கிழமை ஒரு பெண் சல்வார் தைக்க வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், நற்பிட்டிமுனைப் பக்கம். கைக்குக் கீழே நாடா போனதும் பல்லைக் கடித்தாள். நான் நாடாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"தங்கச்சி, இதில நோகுதா?"

"இல்ல."

"எவ்வளவு நாளா?"

"ஒண்டுமில்ல எண்டு சொல்லுறனே."

"நாளைக்கு என்னோட கல்முனை ஆஸ்பத்திரிக்கு வா. பொம்புள டாக்டர் இரிக்காங்க. நான் பக்கத்துல நிக்கிறன்."

அவளுடைய முகம் சிவந்துவிட்டது. "நான் உடுப்புத் தைக்க வந்த. நீங்க என்ன டாக்டரா?" என்று கேட்டாள். துணியை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டாள். திரும்பி வரவில்லை. என்னைப் பற்றி நாலு வீட்டில் சொல்லியும் இருப்பாள்.

அவளுடைய பெயரும் வீடும் விசாரித்து வைத்திருக்கிறேன். பாலத்துக்கு இந்தப் பக்கம், வயலைப் பார்த்த மூன்றாவது வீடாம். நாளை அசருக்குப் பிறகு போகிறேன். ஏசினால் ஏசட்டும். கதவைத் திறக்காவிட்டால் படலையில் நின்று கூப்பிடுவேன். உள்ளே எந்த அறையில் இருந்தாலும் அவளுக்குக் கேட்கும்.